புரொப்பெல்லர் வந்துவிட்டது, விமானம் இன்னும் தயாராகவில்லை

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு ஒன்று உண்டு. ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, புரொப்பெல்லருக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுவார்கள். பெட்டி வந்து இறங்கும்போது இறக்கைகளுக்கு ரிவெட் அடிக்கும் வேலைகூட முடிந்திருக்காது. "இன்னும் ஆறு மாதம்தானே" என்று பெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். அந்த ஆறு மாதம் மூன்று வருடமாக நீளும்.

நானும் அப்படித்தான் சாய்த்து வைத்தேன். வந்த அன்று ஆசையாக வெளியே எடுத்து, வெறுங்கையால் தடவிப் பார்த்து, படம் பிடித்து, திரும்பவும் அதே ஸ்பாஞ்சுக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டினேன். இரண்டரை வருடம் கழித்துப் பிரித்தபோது, ஸ்பாஞ்சு அழுந்தியிருந்த இடத்தில் பிளேடின் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக வந்தது. பிளேடுகள் சேரும் நடுப்பாகமான ஹப்பின் பின்முகத்தில், பூச்சில்லாத உலோகத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை சாம்பல் நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. என் விரல்தான். ஒரு மணி நேரம்கூடப் பறக்காத புரொப்பெல்லரைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அனுப்பி, முழுக்கப் பிரித்து, கசிவைத் தடுக்கும் சீல்களை மாற்றி வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: இப்போதே வாங்கத்தான் வேண்டுமா?

புரொப்பெல்லரை வைக்கச் சிறந்த இடம் அதைச் செய்த தொழிற்சாலை. முன்பணம் கட்டி வரிசையில் இடம் பிடித்துவிட்டு, அனுப்பும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

"இன்ஜினை மூடும் உறையான கௌலிங் பொருத்தவே புரொப்பெல்லர் வேண்டுமே" என்பார்கள். கௌலிங்குக்கு வேண்டியது ஒரு அளவுதான்: கிராங்க்‌ஷாஃப்ட் ஃபிளாஞ்சிலிருந்து (புரொப்பெல்லர் பூட்டப்படும் இன்ஜின் தண்டின் முகம்) ஸ்பின்னரின் (ஹப்பை மூடும் கூம்பு) பின்தட்டு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது. உற்பத்தியாளரின் வரைபடத்தில் அது இருக்கும். அந்தத் தடிமனுக்கு ஒட்டுப்பலகையை வட்டமாக அறுத்து, போல்ட் துளை போட்டு ஃபிளாஞ்சில் மாட்டிவிட்டால் கௌலிங் வேலை ஓடும். பின்தட்டுக்கும் கௌலிங்குக்கும் இடையே சுமார் 5, 6 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் நாளடைவில் கொஞ்சம் அமுங்கி மூக்கு இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கியாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றால், உற்பத்தியாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துச் சீரமைப்பது) காலக்கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது: தயாரித்த நாளா, விமானத்தில் முதலில் பூட்டிய நாளா? பூட்டாமல் எவ்வளவு காலம் வைத்திருந்தால் சீல் மாற்றச் சொல்கிறார்கள்? உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து? கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் பதில் மாறும். ஹார்ட்செல் என்ற புரொப்பெல்லர் கம்பெனியின் பல மாடல்களுக்கு 2,400 மணி நேரம் அல்லது 6 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் ஓவர்ஹால் கெடு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பறப்பவருக்கு மணிக்கணக்கு எட்டவே எட்டாது. ஆண்டுக்கணக்குதான் முதலில் வரும். அதனால் கெடு தொடங்கும் தேதி பெரிய விஷயம்.

எது எப்படிக் கெடும்

பறக்கும்போது தேய்வது வேறு. சும்மா கிடக்கும்போது கெடுவது வேறு. கிடப்பில் இருக்கும் புரொப்பெல்லருக்கு ஈரமும் வயதும்தான் எதிரி.

அலுமினியத்தில் செய்த, கோணம் மாறாத புரொப்பெல்லர் இருப்பதிலேயே எளிது. ஒரே உலோகத் துண்டு. வெளியிலிருந்து அரிப்பு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அரிப்பை "கொஞ்சம் வெள்ளை, துடைத்தால் போகும்" என்று நினைக்கக் கூடாது. பறக்கும்போது பிளேடு தன் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையோடு வெளிப்பக்கமாக இழுபடுகிறது, கூடவே ஒவ்வொரு சுற்றிலும் அதிர்கிறது. அரிப்பால் விழுந்த குண்டூசி முனை அளவுக் குழி, விரிசல் கிளம்புகிற இடமாகிவிடும்.

மரப் புரொப்பெல்லருக்குக் கதை வேறு. மரம் செத்த பிறகும் மூச்சு விடும்: ஈரக்காற்றில் தண்ணீரை இழுத்துப் பருக்கும், வறண்ட காற்றில் விட்டுச் சுருங்கும். இரண்டு பிளேடு உள்ளதைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால், ஈரம் மெல்லக் கீழ்ப் பிளேடுக்கு இறங்கிச் சமநிலை கெடும். ஆகவே மரத்தை எப்போதும் கிடைமட்டமாக வைக்க வேண்டும், விமானத்தில் பூட்டிய பிறகும்கூட. அடுப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம், நேர் வெயில் எதுவும் ஆகாது. வேகமாகக் காய்ந்தால் ஒட்டுக்கோடுகளில் வெடிப்பு விடும். நுனியில் உலோகத் தகடு போட்டிருந்தால், ஈரம் வெளியேற மிகச் சிறிய துளைகள் இருக்கும். பாலிஷ் போடும்போது அவற்றை மெழுகால் அடைத்துவிடாதீர்கள்.

கார்பன், கண்ணாடி நார்ப் பிளேடுகள் ஈரத்துக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரும், எதிலாவது இடிபடுவதும்தான் அவற்றுக்கு ஆபத்து. இடிபட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும்.

அதிகக் கவனம் கேட்பது மாறாவேகப் புரொப்பெல்லர், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பிளேடின் கோணம் மாறும் வகை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பேரிங், பிஸ்டன், கிரீஸ், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்கள் எல்லாம் இருக்கின்றன. கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பசை. அசையாமல் வருடக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் தனியே பிரிந்து இறங்கும். ரப்பர் ஓ-ரிங்குகள் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடந்து அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பிறகு அழுத்தம் வந்தால் கசியும். ஓ-ரிங் செய்யும் நைட்ரைல் ரப்பருக்கு ஓசோன் ஜென்ம விரோதி. மின் மோட்டார்களின் தீப்பொறியிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் ஓசோன் வரும். கம்ப்ரசர் ஓடும் மூலை காலியாக இருக்கிறதே என்று புரொப்பெல்லரை அங்கே வைக்கக் கூடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டி வந்த நாளில்

நைட்ரைல் கையுறை போட்ட பிறகே தொடுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. என் கட்டைவிரல் கதை மேலேயே இருக்கிறது.

தூக்கும்போது இருவர் வேண்டும். இரண்டு பிளேடு மாறாவேகப் புரொப்பெல்லர் 25 கிலோவை ஒட்டி வரும், மூன்று பிளேடு அதற்கும் மேலே. ஹப்பைப் பிடித்துத் தூக்குங்கள். பிளேடு நுனியை ஊன்றித் தரையில் நிறுத்துவது, ஒரு நொடிக்குக்கூட, வேண்டாம். மெல்லிய நுனியில் விழும் ஒரு கீறல் மொத்தப் பிளேடின் ஆயுளையும் கேள்விக்குறியாக்கும்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பிளேடாகப் பாருங்கள். முன்விளிம்பை வெள்ளைப் பருத்தித் துணியால் வேரிலிருந்து நுனிவரை ஒரு முறை வருடினால், கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகூட நூலைப் பிடித்து இழுக்கும். வழியில் அடிபட்டிருந்தால் படம் எடுத்து அன்றே அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஹப்புக்கு ஒரு வரிசை எண், ஒவ்வொரு பிளேடுக்கும் தனித்தனி வரிசை எண் இருக்கும். எல்லாவற்றையும் கூட வந்த சான்றிதழோடு ஒப்பிட்டு, லாக் புத்தகத்தில் எழுதுங்கள். சான்றிதழைப் பெட்டிக்குள் விடாதீர்கள். எலிக்குக் காகிதம் பிடிக்கும்.

துடைப்பது, பூசுவது

மென்மையான துணி, மிதமான சோப்புத் தண்ணீர், உடனே உலர்ந்த துணியால் ஒத்தி எடுப்பது. இவ்வளவுதான். காரத்தன்மையுள்ள கிளீனர் அலுமினியத்தைத் தின்னும். பிரஷர் வாட்டர் சீலைத் தாண்டி ஹப்புக்குள் தண்ணீரைச் செலுத்தும். சால்வென்ட் ரப்பரையும் பெயிண்டையும் கெடுக்கும். மூன்றும் வேண்டாம்.

உலர்ந்த பிறகு, பெயிண்ட் உள்ள பகுதிக்கு பேஸ்ட் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு. பூச்சில்லாத உலோக முகங்களுக்கு, ஸ்டட்களுக்கு (ஹப்பைப் பூட்டும் திருகுத் தண்டுகள்), உற்பத்தியாளர் அனுமதித்த அரிப்புத் தடுப்பு எண்ணெய். ஓ-ரிங் அருகே எந்த ஸ்ப்ரேயையும் அடிக்க வேண்டாம். மரத்துக்கு மெழுகு மட்டும். எண்ணெய் ஊறினால் மரம் பாழ்.

ஹப்பின் நடுத்துளைக்கும் மற்ற எல்லாத் திறப்புகளுக்கும் தொழிற்சாலை மூடி போட்டிருந்தால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் பளிச்சென்ற நிறத்தில் பிளாஸ்டிக் மூடி தேடிப் போடுங்கள். துணியைச் சுருட்டி அடைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்தும் விடாதீர்கள்: குளவி ஒரு வாரத்தில் அதற்குள் மண்கூடு கட்டிவிடும், அந்த மண் எண்ணெய்ப் பாதைக்குள் உதிரும்.

"நல்லதுதானே" என்று கிரீஸ் துப்பாக்கியை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிப் பம்பு செய்தால் சீல் வெளியே தள்ளப்படும். வேறு வகைக் கிரீஸ் கலந்தால் இரண்டும் கெடும். கையேட்டில் சொல்லாதவரை தொடாதீர்கள். அதேபோல, பிளேடுகளைக் கையால் முறுக்கி "இறுகாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்பதும் வேண்டாம்.

எங்கே, எப்படி வைப்பது

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரியில் உள்ள எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று தண்ணீராகப் படியும். இரவில் ஷெட் குளிர்கிறது, புரொப்பெல்லரும் குளிர்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே வருகிறது. கனமான ஹப் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. நான்கு டிகிரி பின்தங்கியிருந்தாலே வியர்த்துவிடும். மழையே இல்லாமல் தினமும் நனைகிறது.

ஆகவே தேட வேண்டியது, வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத இடம். தகரக் கூரை ஹேங்கரைவிட வீட்டுக்குள் ஒரு அறையின் கட்டிலடியே மேலானது. வீட்டில் இருப்பவர்களின் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு. சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். பேட்டரி சார்ஜ் செய்யும் இடம், அமிலம், உரம், பூச்சிமருந்து இருக்கும் இடம் ஆகாது.

தாங்கிக்கு, எடை ஹப்பில் நிற்கும்படி ஒரு மரச் சட்டம் செய்யுங்கள். பிளேடுகளுக்கு நடுப்பகுதியில் மெத்தென்று ஒரு ஆதரவு போதும், நுனிகள் எதையும் தொடக் கூடாது. மரப் புரொப்பெல்லரை நடுத்துளையில் ஒரு முளை கொடுத்துச் சுவரில் கிடைமட்டமாக மாட்டலாம். சட்டத்துக்கு ஓக் மரம் வேண்டாம், அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். எந்த மரமானாலும் உலோகம் படும் இடத்தில் மூடிய துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம் வையுங்கள். மஞ்சள் ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சிவைக்கும், சில வருடத்தில் பிசுபிசுத்துப் பொடியாகவும் உதிரும்.

மூடுவதில் இரண்டே வழி. ஒன்று, உலர்ந்த நிலையான அறையாக இருந்தால் பருத்தி உறை போட்டுக் காற்றோட விடுவது. மரத்துக்கு இதுதான் சரி. சிலிக்கா ஜெல்லோடு அடைத்துவைத்தால் மரம் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கும். இரண்டாவது, உலோகப் புரொப்பெல்லரைத் தடித்த பிளாஸ்டிக் பையில் முழுக்கக் காற்றுப் புகாமல் சீல் வைத்து, உள்ளே போதுமான சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதம் காட்டும் அட்டையும் போடுவது. அட்டையை வெளியிலிருந்து படிக்கும்படி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில், பிளாஸ்டிக்கைச் சுற்றி அங்கங்கே டேப் ஒட்டுவது இருக்கிறதே, அதுதான் மகா மோசம். ஈரம் உள்ளே வரும், வெளியே போகாது.

சிலிக்கா ஜெல் பைகள் உலோகத்தைத் தொடக் கூடாது. நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ அது நிரம்பிவிட்டது என்று பொருள். மணிகளைத் தட்டில் கொட்டி 110, 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். எத்தனை பை உள்ளே போட்டீர்கள் என்பதைப் பையின் மேலேயே எழுதுங்கள். காரணம் பிறகு.

இன்ஜினிலேயே பூட்டி வைத்தால்?

பார்க்க அழகாக இருக்கும். விமானம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. ஆனால் பூட்டிய நாளிலிருந்து ஓவர்ஹால் கெடு ஓடத் தொடங்கலாம். ஏணி, துளைக்கும் இயந்திரம், விருந்தாளி, எல்லாம் அதில்தான் வந்து இடிக்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். அங்கேதான் பெரிய சேதம். கிடப்பில் உள்ள இன்ஜினின் சிலிண்டர் சுவரிலும் கேம்களிலும் பாதுகாப்பு எண்ணெய் ஒரு படலமாகத்தான் நிற்கிறது. கையால் சுற்றினால் பிஸ்டன் வளையங்கள் அதை வழித்தெடுத்துவிடும், புதிய எண்ணெய் வந்து சேராது. இன்ஜின் தயாரிக்கும் லைக்கமிங் கம்பெனி தன் இன்ஜின்களைப் பாதுகாப்பது பற்றிய எல்180 கடிதத்தில், இப்படிக் கையால் சுற்ற வேண்டாம் என்றே சொல்கிறது. அதைவிட முக்கியம்: இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக் கம்பி இணைக்கப்படாமலோ அறுந்தோ இருந்தால், சுவிட்ச் இருக்கும் நிலை எதுவானாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. பூட்டிய புரொப்பெல்லரை எப்போதும் சுழலப்போகிறது என்று நினைத்தே நெருங்க வேண்டும்.

இடையிடையே பார்ப்பது

மாதம் ஒருமுறை ஈரப்பத அட்டையை ஒரு பார்வை. 40 சதவீதப் புள்ளி நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈரமில்லாத நாளாகப் பார்த்து முழுக்கத் திறங்கள். பெயிண்ட் கொப்பளம், வெள்ளைப் பொடி, பிளேடு வேரில் எண்ணெய்க் கசிவு, மரத்தில் முடி அளவு வெடிப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவைத்தால் போதும். நார்ப் பிளேடை ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் தொப்பென்றும் கேட்கும். காது பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

அரிப்புக் குழி கண்ணில் பட்டால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு அளவுகள் உண்டு. அது புரொப்பெல்லர் பட்டறையின் வேலை. புட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது குற்றத்தை மறைப்பதற்குச் சமம்.

ஒவ்வொரு முறையும் தேதி, ஈரப்பதம், பார்த்தது, செய்தது என லாக்கில் ஒரு வரி. பின்னால் "இது எப்படி வைக்கப்பட்டிருந்தது?" என்று பட்டறைக்காரரோ வாங்குபவரோ கேட்டால், அந்த வரிகள்தான் சாட்சி.

வெளியே எடுக்கும் நாள்

உற்பத்தியாளர் சொன்ன கிடப்புக் காலம் தாண்டியிருந்தால், பூட்டுவதற்கு முன் பட்டறைக்கு அனுப்புங்கள். பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ஓ-ரிங் வயது வெளியே தெரியாது. தாண்டவில்லை என்றாலும் ஹப்புக்கும் கிராங்க்‌ஷாஃப்டுக்கும் நடுவே வரும் ஓ-ரிங் புதிதாகவே இருக்கட்டும். பாதுகாப்பு எண்ணெயைச் சேரும் முகங்களிலிருந்து சுத்தமாகத் துடையுங்கள். போல்ட்டின் முறுக்கு அளவு உலர்ந்த திருகுப்புரிக்கா, எண்ணெய் தடவிய புரிக்கா என்று கையேட்டில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் போல்ட்டில் விழும் இழுவிசை வெகுவாக மாறும். மரப் புரொப்பெல்லரின் போல்ட்களை முதல் பறப்பு முடிந்ததும், பிறகு 25 மணி நேரத்திலும், அதன் பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் சரிபார்க்கச் சொல்கிறது சென்செனிச் என்ற புரொப்பெல்லர் கம்பெனி. பருவம் மாறும்போதும் பாருங்கள், மரம் சுருங்கியிருக்கும்.

இப்போது அந்தச் சிலிக்கா ஜெல் கணக்கு. பட்டறையிலிருந்து திரும்பி வந்த பிறகு நான் ஒழுங்காகச் சீல் வைத்து இன்னும் பதினான்கு மாதம் வைத்திருந்தேன். பையின் மேல் "16" என்று எழுதியிருந்தது. திறந்து எண்ணினால் பதினைந்து. அறை முழுக்கத் தேடி, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கழன்றிருந்த மூடி வழியாக நழுவி ஹப்பின் நடுத்துளைக்குள் உட்கார்ந்திருந்தது பதினாறாவது. எண்ணியிருக்காவிட்டால் அதோடு சேர்த்தே பூட்டியிருப்பேன்.